பூவை மட்டும் படமெடுக்காதீர்கள்: இராமநாதபுரம் கடலோர ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெற்கே மூக்கையூர், வாலிநோக்கம், ஏர்வாடி, கிழக்கே மண்டபம், பாம்பன், வடக்கே தேவிபட்டினம், தொண்டி, எஸ்.பி.பட்டினம் என்று நீளும் நம் கரையில், ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது தன் எல்லைக்குள் வாழும் உயிர்களை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் வகுத்த ஏற்பாடு. அந்தப் பதிவேட்டின் செடிகொடிப் பக்கங்களைப் பற்றித்தான் இந்த மடல். இன்னும் குறிப்பாகச் சொன்னால், அந்தப் பக்கங்களில் ஒட்டியிருக்கும் புகைப்படங்களைப் பற்றி.

நான் தாவரவியல் ஆசிரியை. கடலோரத்துப் பதிவேடுகள் சிலவற்றின் நகல்களை அண்மையில் பார்க்கக் கிடைத்தது. எந்தெந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். பல பக்கங்களில் உழைப்பு தெரிந்தது. ஆடு மேய்ப்பவர்களிடமும் மருந்து அரைத்துக் கொடுக்கும் பாட்டிமார்களிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதிய செய்திகள் இருந்தன. அவை வேறெந்த நூலிலும் கிடைக்காதவை. ஆனால் அந்தச் செய்திக்குப் பக்கத்தில் இருந்த படம் பல இடங்களில் வேறொரு செடியுடையது. நெருஞ்சில் என்ற தலைப்பின் கீழ் யானைநெருஞ்சில். மூக்கிரட்டை என்ற இடத்தில் சாரணை. அடப்பங்கொடி என்று போட்டிருந்த ஒரு படத்தின் பின்னணியில் கரும்பாறைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. நம் கரையில் மணலும் பவளக்கல்லும் உண்டு, அப்படிப்பட்ட பாறை எங்கே இருக்கிறது? அந்தப் படம் இணையத்திலிருந்து இறங்கியது என்பதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

இது எப்படி நேர்ந்தது என்பது எனக்குப் புரிகிறது. குழுக்களை அமைத்துப் பதிவேடுகளை எழுதி முடிக்க, 2019 ஆகஸ்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்தது. தவறினால் மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. கெடு வைத்து எழுதப்படும் எந்தப் பதிவேட்டிலும் செடிக்காகக் காத்திருக்க நேரம் இருக்காது. நம் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கிய பிறகுதான் தரிசும் தரவையும் பூக்கின்றன. கார்த்திகை, மார்கழியில் எழும்பி, மாசி வெயிலில் காய்ந்து, சித்திரையில் இருந்த இடம் தெரியாமல் போகும் சிறு பூடுகள் எத்தனையோ. கோடையில் கணக்கெடுக்கப் போனவர் கண்ணில் எருக்கும் சீமைக்கருவேலும்தான் படும். மீதிக்கு அவர் என்ன செய்வார்? பெயர் தெரியும், செடி கண்முன் இல்லை, கைபேசியில் தேடினால் படம் வருகிறது.

ஆகவே யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பதிவேடு இன்னும் உங்கள் கையில் இருக்கிறது, திருத்த இடம் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

தவறான படம் வெற்றுப் பக்கத்தைவிடக் கெடுதல் என்பது என் உறுதியான எண்ணம். வெற்றுப் பக்கத்தைப் பார்ப்பவர் விசாரிப்பார். படமும் பெயரும் முத்திரையும் உள்ள பக்கத்தைப் பார்ப்பவர் நம்பிவிடுவார். உங்கள் எல்லைக்குள் வணிகத்துக்காக மூலிகை எடுப்பவர்களிடம் கட்டணம் வாங்கும் உரிமையைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. உங்கள் ஊர் உயிர்வளத்தைப் பயன்படுத்துவது பற்றி முடிவெடுக்கும்போது தேசியப் பல்லுயிர் ஆணையமும் மாநிலப் பல்லுயிர் வாரியமும் உங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். எடுக்கப்படுவது எந்தச் செடி என்று உங்கள் பதிவேட்டாலேயே சொல்ல முடியாவிட்டால், அந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடும்.

நெருஞ்சிலையே எடுத்துக்கொள்வோம். நம் மணலில் சிறுநெருஞ்சில், யானைநெருஞ்சில் இரண்டும் மண்டிக் கிடக்கின்றன. இரண்டுக்கும் மஞ்சள் பூ, இரண்டுக்கும் முள்காய், இரண்டும் நீர்க்கடுப்புக்குப் பேர்போன மருந்துச் சரக்கு. குழப்பம் வருவதற்கு எல்லாக் காரணமும் உண்டு. ஆனால் தாவரவியலில் இரண்டும் வெவ்வேறு குடும்பம். சிறுநெருஞ்சில், அதாவது டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ், தரையோடு தரையாகப் படரும். புளிய இலைபோல் சிற்றிலைகள் இரண்டு வரிசையாக இருக்கும். பூவின் ஐந்து இதழும் தனித்தனி. காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும், ஒவ்வொரு துண்டிலும் முள் நிற்கும். யானைநெருஞ்சில், அதாவது பெடாலியம் மியூரெக்ஸ், சதைப்பற்றோடு நிமிர்ந்து வளரும். இலை முழு இலை, ஓரம் பெரிய பற்களாக வெட்டுப்பட்டிருக்கும். பூ குழல் வடிவம், இதழ்கள் அடியில் ஒட்டியிருக்கும். காய் நாற்பட்டை, மூலைக்கொரு முள். தழையைப் பறித்துத் தண்ணீரில் கலக்கினால் தண்ணீர் விளக்கெண்ணெய்போல் கொழகொழத்துவிடும்; இதைக் கடலோரத்துப் பிள்ளைகள் விளையாட்டாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு வேறுபாடு இருந்தும், மேலிருந்து எடுத்த மஞ்சள் பூவின் நெருக்கப் படம் ஒன்று மட்டும் இருந்தால் பார்ப்பவர் தடுமாறத்தான் செய்வார். இலையும் காயும் படத்துக்குள் வந்திருந்தால் பள்ளிப் பிள்ளையே சொல்லிவிடும்.

சாரணை, மூக்கிரட்டை விவகாரம் இதைவிடச் சிக்கலானது. மருந்துக் கடை வரை போன குழப்பம் அது. வடமொழி மருத்துவத்தில் புனர்நவா என்று சொல்லும் சரக்குக்கு இரண்டையும் பயன்படுத்துவதால் வேர் மாறிப் போவது நெடுங்காலப் பிரச்சினை. இரண்டும் தரையில் வட்டமாகப் படரும், இரண்டுக்கும் தண்டு செம்மை ஓடியிருக்கும், இலையும் ஏறத்தாழ ஒரே உருவம். இங்கே பூவை எங்கே வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சாரணையின் பூ ஒற்றையாக, காம்பில்லாமல், இலைக்காம்பின் அடிப்பட்டைக்குள் புதைந்து உட்கார்ந்திருக்கும். முற்பகலில் சில மணி நேரம் திறந்து மூடிவிடும். ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிரே உள்ள இரண்டு இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மூக்கிரட்டையின் பூவோ குன்றிமணியைவிடச் சிறியது, நீண்ட காம்பின் நுனியில் கொத்தாக நிற்கும். காயில் பிசின் இருக்கும். தாவணி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் அந்தச் சின்னஞ்சிறு காய்களைத் தெரியாதவர் நம் ஊரில் உண்டா?

இந்த இரண்டோடு கடலோரத்தில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. உப்புத் தரவையில், கழிமுகத்து ஓரத்தில் தடித்த இலைகளோடு படர்ந்து, நட்சத்திரம்போல் இளஞ்சிவப்புப் பூ விடும் செசுவியம். அதன் முழு அறிவியல் பெயர் செசுவியம் போர்ச்சுலகாஸ்ட்ரம். சாரணையின் பெயரோ ட்ரையாந்திமா போர்ச்சுலகாஸ்ட்ரம். பின்பாதி ஒன்றாக இருப்பதால் எழுதும்போதே கை தவறுகிறது. ஒன்றின் பெயருக்கு மற்றதன் படம் வந்துவிடுகிறது. செசுவியத்தின் பூவுக்குக் காம்பு உண்டு. இதழ்போல் தெரிவதன் உட்புறம் இளஞ்சிவப்பு, வெளிப்புறம் பச்சை, நுனிக்குக் கீழே முதுகில் ஒரு சின்னக் கொம்பு. இந்தக் கொம்பைப் பூவுக்கு நேரே நின்று படம் எடுத்தால் ஒருநாளும் பார்க்க முடியாது. பூவைப் பக்கவாட்டிலும் பின்புறமும் எடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

இப்போது தனுஷ்கோடிக்கு வருகிறேன். கம்பிப்பாட்டிலிருந்து அரிச்சல்முனை வரை சாலையின் இரு பக்கமும் மணல்மேட்டைப் பிடித்து நிற்பவை இராவணன் மீசைப் புல், அடப்பங்கொடி, அப்புறம் பாதிப் பூ விடும் ஸ்கேவோலா புதர்கள். ஐந்து இதழும் ஒரே பக்கம் விரிந்து, மறுபாதியை யாரோ கிள்ளி எடுத்துவிட்டதுபோல் இருக்கும் அந்தப் பூவைச் சுற்றுலா வருவோர் எல்லாரும் படம் எடுக்கிறார்கள், எல்லாரும் ஒரே பெயர் போடுகிறார்கள். ஆனால் ஸ்கேவோலாவில் நம் கரைக்கு இரண்டு இனங்கள் உண்டு. ஸ்கேவோலா டக்காடா ஆளுயரத்துக்கு மேலும் வளரும், இலை ஒரு சாண் வரை போகும், பழம் பழுத்தால் பால்வெள்ளை. ஸ்கேவோலா ப்ளூமியேரி தாழ்ந்த புதர். கிளைகள் மணலுக்குள் புதைந்து ஓடும், இலை சிறுத்துத் தடித்திருக்கும், பழம் பளபளக்கும் கருப்பு. பழம் இல்லாத நாளில் பூவின் அடியைப் பாருங்கள். டக்காடாவில் குறுகிய ஐந்து புல்லிதழ்கள் தெளிவாக நீண்டு தெரியும். ப்ளூமியேரியில் அவை தேய்ந்து வெறும் விளிம்பாக இருக்கும்.

இதில் ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று கேட்கக்கூடும். ஃப்ளோரிடாவில் கரையைக் காக்கவும் அழகுக்கும் என்று வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட டக்காடா, அங்கே இயல்பாக வளர்ந்த ப்ளூமியேரியை நெருக்கித் தள்ளிவிட்டது. இன்று அங்கே ப்ளூமியேரி பாதுகாக்கப்பட வேண்டிய செடி. நம் கரையில் இரண்டுமே நம்முடையவை, அந்த நிலை இங்கில்லை. ஆனால் கடலரிப்பைத் தடுக்கச் செடி நடும் திட்டம் வரும்போது, நாற்றங்காலில் எளிதில் துளிர்க்கும் ஒன்றையே எல்லா இடத்திலும் நட்டுவிட்டு, ‘பதிவேட்டில் உள்ள செடியைத்தான் நட்டோம்’ என்று சொல்லிவிட முடியும். பதிவேட்டில் இரண்டும் தனித்தனியாக, தனித்தனிப் படத்தோடு இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. மணல் மூடினாலும் மேலே ஏறி வளர்கிற ப்ளூமியேரி மணல்மேட்டுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை 1964 டிசம்பர்ப் புயலைக் கண்ட தனுஷ்கோடிக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடப்பங்கொடியில் குழப்பம் வரவே கூடாது, ஆனாலும் வருகிறது. ஊதாச் சிவப்பில் பூத்துத் தரையில் படர்ந்தால் அடப்பங்கொடி என்று எழுதிவிடுகிறார்கள். அதே மணலில், அதே ஊதாச் சிவப்பில், கனவாலியா ரோசியா என்ற காட்டுத் தம்பட்டைக் கொடியும் படர்கிறது. அதன் பூ அவரைப் பூ, இலை மும்மூன்றாக வரும், காய் தடித்த அவரைக்காய். அடம்பின், அதாவது அடப்பங்கொடியின், இலை ஒற்றை, நடுவில் பிளந்தது, பூ புனல் வடிவம். அடம்பின் உறவிலேயே வெள்ளைப் பூவும் மஞ்சள் நடுவும் கொண்ட ஐப்போமியா இம்பெராட்டி என்ற சிறுகொடியும் கடற்கரை மணலில் உண்டு; அதை ‘வெள்ளை அடம்பு’ என்று மட்டும் எழுதினால் நிறம் மாறிய அடம்பு என்றே படிப்பவர் நினைப்பார். குறுந்தொகையின் நெய்தல் பாட்டு ஒன்று அடம்பைச் சொல்லும்போது முதலில் மானின் குளம்புபோல் பிளந்த இலையைச் சொல்கிறது, அதன் பிறகே குதிரைக் கழுத்து மணிபோன்ற பூவுக்கு வருகிறது. செடியை அடையாளம் காட்டும் முறை அதுதான். ஈராயிரம் ஆண்டுக்கு முன் நெய்தல் நிலத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரிந்த வரிசையை நாம் கைபேசி வந்ததும் கைவிட்டுவிட்டோம் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

எருக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளெருக்கு என்று சில படங்களில் காட்டியிருப்பது வெள்ளெருக்கு அன்று. நாம் கோயிலுக்கு எடுக்கும் வெள்ளெருக்கு, சாதாரண எருக்கின் வெள்ளைப் பூ வகை. இதழ்கள் நன்றாக விரிந்து பின்னோக்கி மடங்கும். இதழ் நிமிர்ந்து கிண்ணம்போல் நின்று, வெள்ளையில் நுனி மட்டும் ஊதா தோய்ந்திருந்தால் அது கலோட்ரோபிஸ் புரோசெரா என்ற வேறு இனம்.

அடுத்துச் சொல்லப் போவதைத் தயவுசெய்து விரைந்து கவனியுங்கள், இது உயிர் சம்பந்தப்பட்டது. ஆவாரம்பூ தேநீர், ஆவாரம்பூப் பொடி என்று இன்று வீடு வீடாக விற்கிறது. பதிவேட்டுப் படத்தைக் காட்டிப் பிள்ளைகளைப் பூப்பறிக்க அனுப்புகிறார்கள். ஆவாரைக்கு உறவான பேயாவிரை, அதாவது சென்னா ஆக்சிடெண்டலிஸ், கண்மாய்க் கரையிலும் குப்பைமேட்டிலும் மழைக்குப்பின் எழும்பும். பூ அதே மஞ்சள். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பல ஆண்டுகள் மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டுக் குழந்தைகள் இறந்துபோன ஒரு நோய்க்குக் காரணம், பேயாவிரையின் விதையை அவர்கள் விளையாட்டாகத் தின்றதுதான் என்று பின்னர்க் கண்டுபிடித்தார்கள். கல்லீரல், தசை, மூளை மூன்றையும் அது தாக்கும். நம் பதிவேட்டில் ஆவாரையின் பக்கத்தில் பேயாவிரைப் படம் இருந்தால் அதை ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாது. ஆவாரையின் இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் காதுமடல்போல் அகன்ற ஓர் இலைச்செதில் எப்போதும் இருக்கும். காய் தட்டையாக, காகிதம்போல் மெலிந்து பழுப்பேறும். பேயாவிரையில் அந்தக் காது இல்லை, இலையைக் கசக்கினால் குமட்டும் வாடை, காம்பின் அடியில் ஒரே ஒரு சுரப்பி மொட்டு. ஆவாரைப் பக்கத்துக்கு இந்தக் காதுச் செதில் தெரியும் படம் இல்லாமல் ஒப்புதல் தராதீர்கள்.

மரங்களிலும் இதே கதை உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பின் சீமைக்கருவேலை வேரோடு பிடுங்கும் வேலை நம் மாவட்டத்தில் பெரிய அளவில் நடந்தது. இன்றும் நடக்கிறது. இயந்திரம் ஓட்டுபவருக்கு முள்மரம் எல்லாம் ஒன்றுதான். நம் மண்ணின் உடைமரம், அந்தக் குடைபோல் தட்டையாக விரியும் குடைவேல், வெள்ளை உருண்டைப் பூ விடும். கருவேல் மஞ்சள் உருண்டை. சீமைக்கருவேலும் வன்னியும் நீண்ட கதிராகப் பூக்கும். சீமைக்கருவேலில் முள் கணுக்களில் இரட்டையாக நீட்டி நிற்கும், வன்னியில் குட்டையாகக் கணுக்களுக்கு நடுவே சிதறி இருக்கும். வெட்டும் முன் காட்டுவதற்கு உங்கள் பதிவேட்டில் சரியான படம் இருக்க வேண்டும். தென்தமிழ்நாட்டையும் இலங்கையையும் தவிர உடைமரத்துக்கு வீடு அதிகம் இல்லை.

படத்துக்குள் அடங்காத அடையாளங்களும் உண்டு; அவற்றை எழுத்தில் சேர்க்க வேண்டும். கொழிஞ்சியையும் அவுரி இனங்களையும் பூவில்லாத காலத்தில் பிரிக்க ஒரு சோதனை போதும். சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் கொழிஞ்சி இலை அம்பு நுனிபோல் கூராகப் பிய்யும். அவுரி அப்படிப் பிய்யாது. பசுந்தாள் உரத்துக்காகக் கொழிஞ்சி விதைக்கும் நம் விவசாயிகளுக்கு இது கைவந்த சோதனை. கேட்டு எழுதினீர்களா? வாடை, பால், கசக்கினால் வரும் பிசுபிசுப்பு, எதை ஆடு கடிக்கும், எதைத் தொடாமல் சுற்றிப் போகும் என்பவையெல்லாம் பதிவேட்டில் இடம்பெற வேண்டிய சான்றுகள். சொன்னவரின் சம்மதத்தோடு அவர் பெயரும் அங்கே இருக்க வேண்டும்.

இனி என் வேண்டுகோள்கள். பதிவேட்டில் ஒட்டும் படம் உங்கள் ஊராட்சி எல்லைக்குள் எடுத்ததாக மட்டும் இருக்கட்டும். ஒரு செடிக்கு ஒரு படம் என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். செடி நிற்கும் மண்ணோடு முழு உருவம், இலையின் இரு பக்கமும், இலை தண்டில் சேரும் மூட்டு, பூவின் முகமும் முதுகும், காய் என்று தனித்தனியாக எடுத்து ஒன்றாக வையுங்கள். பக்கத்தில் ஒரு நாணயமோ அளவுகோலோ இருந்தால் அளவு தெரியும். கடற்காற்றில் கொடி ஆடினால் காம்பைக் கையால் பிடித்துக்கொண்டே எடுக்கலாம், விரல் படத்தில் வந்தால் குற்றமில்லை. நடுப்பகலில் மணலின் பளிச்சிடலில் வெள்ளைப் பூவின் நரம்பெல்லாம் வெந்துபோய்விடும்; நம் நிழலைச் செடிமேல் விழவிட்டு எடுத்தால் தெளிவாக விழும். அடம்பும் சாரணையும் காலையில்தான் திறந்திருக்கும், பிற்பகலில் போனால் கிடைக்காது. தேதியும் இடமும் எழுதாத படத்தை ஏற்காதீர்கள்.

கைபேசிச் செயலி சொல்லும் பெயர் ஓர் ஊகம். அதைத் தேடலின் தொடக்கமாகக் கொள்ளலாம், பதிவேட்டில் எழுதும் முடிவாகக் கொள்ளக் கூடாது. ஸ்கேவோலாவைக் காட்டினால், உலகெங்கும் மிகுதியாகப் படம் எடுக்கப்பட்ட இனத்தின் பெயரையே அது முதலில் நீட்டும் வாய்ப்பு அதிகம். இனம் வரை உறுதியாகவில்லை என்றால் பேரினத்தோடு நிறுத்துங்கள். ‘ஸ்கேவோலா, இனம் உறுதியாகவில்லை, பழம் காணக் காத்திருக்கிறோம்’ என்று ஒரு பதிவேடு எழுதியிருந்தால் அந்தக் குழுவை நான் மனதாரப் பாராட்டுவேன்.

சந்தேகம் தீராத செடிக்குப் பூவும் காயும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி உலர்த்தி வையுங்கள். படம் தவறவிட்டதை உலர்ந்த மாதிரி காட்டிக் கொடுக்கும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் உள்ள மெட்ராஸ் உலர்தாவரகத்திலும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்திலும் நம் கரையோரச் செடிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. குருசடையிலோ முயல் தீவிலோ இறங்கி வனத்துறை அனுமதியின்றி ஒரு தழையும் பறிக்கக் கூடாது, பதிவேட்டுக்காக என்றாலும் கூடாது.

திருத்தும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில இடங்களில் தவறு என்று தெரிந்ததும் பக்கத்தையே கிழித்து மாற்றியிருக்கிறார்கள். வேண்டாம். பழைய பெயரின்மேல் படிக்கும்படி ஒற்றைக் கோடு போதும். பக்கத்தில் புதிய பெயர், எந்த அடையாளத்தை வைத்து மாற்றினோம், யார் மாற்றினார்கள், எந்தத் தேதி என்று எழுதுங்கள். பழைய பெயரும் கண்ணில் பட்டால்தான் அடுத்து வருபவர் இந்த இரண்டு செடிகளும் குழப்பும் என்று எச்சரிக்கையாவார். அறிவியல் பெயர்களும் காலப்போக்கில் மாறுகின்றன. குடைவேல் முன்பு அக்கேசியா, இப்போது வாச்செல்லியா. அங்கேயும் இரண்டு பெயரும் இருக்கட்டும். திருத்தம் சொல்ல வருபவர் மேய்ப்பராக இருந்தாலும் பேராசிரியராக இருந்தாலும் அவரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? அடையாளம் சொல்ல முடிந்தவரின் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, படம் எடுத்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நம் பள்ளிப் பிள்ளைகள். வெயிலில் அலைந்து எடுத்த படத்தைத் தப்பு என்று ஒரே சொல்லில் தள்ளினால் அந்தப் பிள்ளை அடுத்தமுறை செடிப் பக்கமே போகாது. ‘நீ எடுத்தது யானைநெருஞ்சில், அதற்கே நம் பதிவேட்டில் படம் இல்லை, அந்தப் பக்கத்தில் உன் படத்தை வைக்கிறோம், சிறுநெருஞ்சில் எங்கே இருக்கிறது, தேடிப் பார்’ என்று சொல்லுங்கள். தவறான பெயரோடு வந்த படம் பெரும்பாலும் வேறொரு பக்கத்துக்குச் சரியான படம். எடுத்தவர் பெயரோடு அதை அதற்குரிய இடத்துக்கு மாற்றுங்கள், எறிந்துவிடாதீர்கள்.

இவை அனைத்தையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது. ஆவாரைப் பக்கத்தை இந்த வாரமே பாருங்கள். நெருஞ்சில், மூக்கிரட்டை, சாரணை ஆகியவை வணிகச் சரக்குகள் என்பதால் அடுத்து அவற்றை எடுங்கள். மற்றவற்றுக்கு ஐப்பசி மழை இறங்கி மூன்று வாரம் கழித்து, பிள்ளைகளையும் மேய்ப்பவர்களையும் கூட்டிக்கொண்டு காலை வேளையில் உங்கள் எல்லையை ஒருமுறை நடந்து வாருங்கள். தை பிறந்ததும், காய் பிடித்த பருவத்தில் மறுபடி ஒருமுறை.

அப்படி நடக்கும் நாளை முன்கூட்டித் தெரிவிக்கும் எந்தக் குழுவோடும் நான் வரத் தயார். கைலென்சும் அழுத்துப்பலகையும் என்னிடம் உண்டு, செலவு எதுவும் வேண்டாம். படத்தோடும் மாதிரியோடும் பள்ளிக்கு வந்தாலும் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து பார்க்கலாம். என் முகவரியை உங்கள் ஒன்றிய அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கடலோரப் பள்ளி ஒன்றின் தாவரவியல் ஆசிரியை